பலகைத் தளத்துக்குக் கீழே போக ஒரு வழி

கடையைத் திருத்துவதென்றால் இப்போது பலரும் தரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சீமெந்துத் தரை, டைல்ஸ் எல்லாம் போய், உடுபுடவைக் கடைகளில் பலகைத் தளம் போடும் ஆசை வந்திருக்கிறது. போடுவதில் தவறில்லை. ஆனால் போடுமுன் அந்த இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்தும் பாராததுபோல் இருந்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நாங்கள், 2009க்குப் பிறகு திரும்பி வந்து வாப்பாவின் பழைய கடையைக் கட்டியெழுப்பினோம். இடம் போதாமல் பின்கட்டையும் கடையோடு சேர்த்தோம். அங்கேதான் மலக்குழியின் மூடி இருந்தது. அதன்மேல் சட்டம் அடித்துப் பலகை போடும்போது பாஸ் கேட்டார்: "முதலாளி, இதில ஒரு மூடி விடட்டோ?"

"வடிவான தளத்தில ஓட்டை போடாதீங்க பாஸ்" என்றேன் நான்.

2011 நவம்பர், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில் மாரி மழை பிடித்தது. நமது மண்ணின் அடி சுண்ணாம்புக்கல். மழைக்கு நிலத்தடி நீர் சட்டென்று மேலேறும். குழியில் உள்ளது ஊறிப்போக இடமிராது. கழிப்பறை நிறைந்து நாற்றம் கடைக்குள் வந்தது. கல்லி பவுசர் வாசலில் நிற்கிறது, குழாய் போட வழியில்லை. பலகைகள் ஒன்றின் நாக்கு மற்றதன் காடிக்குள் பூட்டியவை. நடுவில் ஒன்றை மட்டும் கழற்ற முடியாது. றாக்கைகளை இறக்கி, சுவர்ப் பக்கமிருந்து உரித்துக்கொண்டு வந்தோம். பெருநாள் வியாபாரத்தில் இரண்டு நாள் போனது. பலகையின் விலையைவிட அதுதான் வலித்தது.

இரண்டாம் முறை செய்த விதம் இதுதான். மூடி இருக்கும் இடத்தில், கொங்கிறீட் மூடியைவிடச் சுற்றிவரப் பெரிதாக ஒரு சதுரம் விட்டோம். இரண்டு பேர் நின்று அதைத் தூக்க வேண்டுமே! சதுரத்தின் நான்கு ஓரத்துக்கும் கீழே சட்டம் வர வேண்டும்; இல்லாவிட்டால் மிதிக்கும்போது பலகை அமுங்கும். அதே பலகைகளை வெட்டி, அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் பூட்டி, ஒரே துண்டாக்கினோம். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். பித்தளைத் திருகாணி போடுங்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும். ஓரத்தில் சிறிய இடைவெளி இருக்கட்டும், மாரியில் மரம் ஊதும். அடியில் றப்பர் பட்டி ஒட்டினால் மணம் வராது. அந்த இடத்தில் றாக்கையோ கவுண்டரோ வைக்காதீர்கள்.

லமினேட் பலகை என்றால் வேறு கதை. அது தரையோடு பூட்டாமல் மிதந்து கிடப்பது. திருகாணி அடித்து இறுக்கினால் விரிய இடமின்றி மேலே எழும்பும். சுவரோரம் விடுவதுபோல, திறப்பைச் சுற்றியும் சுமார் 10 மில்லிமீற்றர் விட்டு, உலோகப் பட்டியால் மறைக்க வேண்டும்.

மலக்குழி மட்டுமல்ல. தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய் நீர் எடுப்பவர்கள் வால்வையும் குழாய் மூட்டையும் தளத்துக்குள் புதைத்துவிட வேண்டாம். கறையான் பார்க்கவும் அந்தத் திறப்பு உதவும். மூடுமுன் அளவு நாடாவை விரித்துவைத்துப் படம் எடுத்து, கடை உறுதியோடு வையுங்கள். வாடகைக் கடையென்றால் உரிமையாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இன்னுமொன்று. குழியைத் திறந்தவுடன் யாரும் தலையை நீட்டவோ உள்ளே இறங்கவோ கூடாது. அந்த வாயு ஆளைக் கொல்லும். கடைக்கு வெளியே மூடியைக் கொண்டுபோக இடமிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். எனக்கு இடமிருக்கவில்லை. கல்லாப்பெட்டிக்கு முன்னால் கம்பளத்தின் கீழே அந்தச் சதுரம் இருக்கிறது. ஒவ்வொரு மாரிக்கு முன்பும் எட்டுத் திருகாணியைக் கழற்றிப் பார்க்கிறேன்.