‘நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க சார்!’: டோக்கன் கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்



சென்னையில வேளச்சேரி, மடிப்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் ரீசேல் ஃபிளாட் தேடுறவங்க அடிக்கடி கேட்கிற வசனம் இது: “சார், நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க. இன்னைக்கே டோக்கன் போட்டுட்டீங்கன்னா வீடு உங்களுக்குத்தான்.” சில நேரம் அது உண்மையாவும் இருக்கும். நல்ல வீட்டுக்கு நாலு பேர் போட்டி போடத்தான் செய்வாங்க.

அதனால ‘பொறுமையா முடிவு எடுங்க’ன்னு மட்டும் சொன்னா பிரயோஜனம் இல்ல, வீடு கைவிட்டுப் போயிடும். வேகமா முடிவு எடுக்கணும்னா, கணக்கையும் கண்டிஷனையும் வீடு பார்க்கப் போறதுக்கு முன்னாடியே தயாரா வச்சிருக்கணும்.

1. வீட்டு விலையைப் பார்க்காதீங்க, கைக்காசைப் பாருங்க

ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக் கடன் 30 லட்சம் வரைன்னா வீட்டு மதிப்புல அதிகபட்சம் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதுக்கு மேல 75 சதவீதம்தான் பேங்க் தரலாம். அதுவும் நீங்க பேசின விலைக்கு இல்ல. பேங்க் அனுப்புற வேல்யூவர் போடுற மதிப்பு குறைவா இருந்தா, அந்த மதிப்புக்குத்தான் கடன்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பேசின விலை 70 லட்சம். ‘80 சதவீதம் கடன் வரும், 14 லட்சம் இருந்தா போதும்’னு நினைக்கிறோம். வேல்யூவர் 62 லட்சம்னு போடுறார். இப்போ கணக்கு இப்படி மாறும்:

கடன் (62 லட்சத்தில் 80%): 49.6 லட்சம்
விலையில் நம்ம பங்கு: 20.4 லட்சம்
முத்திரைத்தீர்வை 7% + பதிவுக் கட்டணம் 2%: 6.3 லட்சம்
மொத்தக் கைக்காசு: 26.7 லட்சம்

14 எங்கே, 26.7 எங்கே! இதுல புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பெயின்டிங் செலவு எதுவும் சேரல.

முக்கியமா இன்னொண்ணு. போட்டியில நீங்க விலையை 1 லட்சம் ஏத்தினா, பேங்க் மதிப்பு ஏறாது. அந்த 1 லட்சமும், அதுக்கான 9,000 ரூபாய் பதிவுச் செலவும் முழுக்க உங்க கையிலிருந்துதான் போகும். அதனால ‘இதுக்கு மேல ஒரு ரூபா கூட இல்ல’ங்கிற நம்பரை வீட்டிலேயே எழுதி வச்சுட்டுக் கிளம்புங்க.

2. டோக்கன் கொடுக்கலாம், வெறும் வாய் வார்த்தைக்குக் கொடுக்காதீங்க

தொகை சின்னதா இருக்கட்டும். புரோக்கர் அக்கவுன்ட்டுக்கு அனுப்பாம, பத்திரத்துல பேர் இருக்கிற உரிமையாளர் அக்கவுன்ட்டுக்கே அனுப்புங்க. கூடவே ஒரு பக்கத்துல எழுதி எல்லா உரிமையாளர்கள்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க: “வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ, ஆவணத்தில் குறை இருந்தாலோ, 15 நாட்களுக்குள் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.” இந்த ஒரு வரிக்கு ஒத்துக்காத ஆள்கிட்ட 70 லட்சத்தைக் கொடுக்கலாமான்னு நீங்களே யோசிங்க.

புது ஃபிளாட்டா? ரெரா சட்டத்தின் கீழ் வர்ற திட்டத்துல, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாம பில்டர் 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது.

3. வில்லங்கம் கிளீன்னா எல்லாம் கிளீன்னு அர்த்தம் இல்ல

பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கத்தை நீங்களே அன்னைக்கே பார்க்கலாம். குறைஞ்சது 30 வருஷத்துக்குப் பாருங்க. ஆனா அதுல பதிவான விவரம் மட்டும்தான் தெரியும். பதிவு பண்ணாத உயில், பாகம் கேட்காம இருக்கிற வாரிசு இதெல்லாம் அதுல வராது. தாய்ப்பத்திரம், பட்டா, அப்ரூவ்டு பிளான், யூடிஎஸ் அளவு எல்லாத்தையும் உங்க சொந்த வக்கீல்கிட்ட காட்டுங்க. பேங்க் லீகல் பார்க்குறது அவங்க கடனோட பாதுகாப்புக்காக. வக்கீலை முன்னாடியே பேசி வச்சிருந்தா, இந்த வேலை சீக்கிரம் முடியும்.

4. ரொக்கமும் டிடிஎஸ்ஸும்

“பத்திரத்துல 55 போட்டுக்கலாம், மீதி 15 கேஷா குடுங்க”ன்னு கேட்டா அங்கேயே நில்லுங்க. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி தப்பு. பத்திர விலை குறைஞ்சா உங்க கடனும் குறையும். நாளைக்கு நீங்க விற்கும்போது வாங்கின விலை 55ன்னுதான் கணக்காகும், லாப வரி கூடும்.

விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா, 1 சதவீத டிடிஎஸ் பிடிச்சுக் கட்ட வேண்டியது வாங்குற நம்ம பொறுப்பு. 70 லட்சத்துக்கு 70,000 ரூபாய். முழுப் பணத்தையும் கொடுத்துட்டா, பிறகு அதைக் கேட்டு அலைய வேண்டியதுதான். விற்கிறவர் என்ஆர்ஐன்னா டிடிஎஸ் இதைவிட ரொம்ப அதிகம். ஆடிட்டரைக் கேட்காம ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க.

அடுத்த வீடு பார்க்கப் போறதுக்கு முன்னாடி, மேல சொன்ன கணக்கை உங்க நம்பரைப் போட்டு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. கைக்காசு கொடுத்தது போக, 6 மாச இஎம்ஐக்கான பணம் தனியா மிச்சம் இருந்தா, தைரியமா டோக்கன் போடுங்க. இல்லைன்னா அந்த ‘வேற பார்ட்டி’யே வாங்கிட்டுப் போகட்டும், விட்டுடுங்க.