மெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரை நம்மில் பலர் இளையராஜா வரலாற்றின் முதல் பக்கத்தில் மட்டும் பார்த்திருப்போம். பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள், ஒரு ஆர்மோனியம், கட்சி மேடை, பிறகு சென்னை ரயில். இரண்டு வரியில் அதை முடித்துவிட்டு நேராக அவருடைய முதல் படமான 'அன்னக்கிளி'க்குப் போய்விடுகிறோம். ஆனால் ஒரு பாட்டுக் குழு எப்படிப் பாணி மாறுகிறது, மாறும்போது எது மாறுகிறது, எது அப்படியே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு வரியை விடச் சிறந்த பாடம் நம் பக்கத்தில் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று மேற்கே போய், போடி, தேவாரம் வழியாக இறங்கினால் பண்ணைப்புரம். இன்று அது தேனி மாவட்டம். 1985 வரை திண்டுக்கல்காரர்களான நாமும் அவர்களும் ஒரே மதுரை மாவட்டத்துக்காரர்கள்தான். ஒரே மாதிரித் திருவிழா, ஒரே மாதிரி உறுமி, பம்பை, நையாண்டி மேளம், கல்யாண வீட்டில் ஒரே ரேடியோ செட். அவர்கள் காதில் விழுந்தது நம் தாத்தா பாட்டி காதிலும் விழுந்தது.

குழுவின் வேர் மூத்தவர் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர், பாட்டும் கட்டுவார். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. மறுவருடம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. அரசின் பெரும்பான்மையோ மெலிது. தேவிகுளம், மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிடம் பேச மலையாளப் பேச்சாளர் போதாது, தமிழ்ப் பாட்டு வேண்டும். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அங்கே பாடியவர் பாவலர். ரோசம்மா ஜெயித்தார். பாவலரின் பெயர் மலையின் இரண்டு பக்கமும் பரவியது.

அவர் என்ன பாணியில் பாடினார்? கிராமத்து மெட்டுகளும் இருந்தன. கூடவே அன்றைக்கு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்து, அதில் கட்சியின் வார்த்தையை உட்கார வைப்பார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் புது மெட்டைப் பாடினால் ஜனங்களின் கவனம் மெட்டின் பின்னால் போய்விடும், சேதி தவறிவிடும். தெரிந்த மெட்டென்றால் முதல் அடியிலேயே காது பழகிவிடுகிறது. மீதிக் கவனம் முழுக்க வார்த்தைக்குக் கிடைக்கிறது. நேற்று ரேடியோவில் கேட்ட பாட்டு இன்றைக்குக் கூலி உயர்வைப் பற்றிப் பேசினால் யார்தான் எழுந்து போவார்கள்?

நாம் எல்லோரும் இடறுகிற இடம் இங்கேதான் தொடங்குகிறது. பண்ணைப்புரத்துக் குழு கிராமியப் பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது, இளையராஜா அதைத் தூக்கிக்கொண்டு போய் சினிமாவில் வைத்தார், பிறகு மெல்ல மெல்ல மேற்கத்திய இசைக்கு மாறிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நேர்கோடாக வரைந்த படம். ஆனால் முதல் நாளிலிருந்தே அந்தக் குழுவின் கையில் கிராமமும் சினிமாவும் சேர்ந்தே இருந்தன. மெட்டு மாறாமல் வேறொன்றை மாற்றுவதுதான் அவர்களுடைய தொழிலே. அன்றைக்கு மாற்றியது வார்த்தையை. பின்னால் மாற்றியது எதை என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் அந்த ஆர்மோனியத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ராசய்யா என்ற இளையராஜா 14 வயது வாக்கில் குழுவில் சேர்ந்தார். உடையாத குரல் என்பதால் பெண் குரல் பாட்டுகளை அவர்தான் பாடினார். வயதாகிக் குரல் உடைந்ததும் கை ஆர்மோனியத்துக்குப் போனது. அதற்கும் முன்னால் அண்ணனுக்குத் தெரியாமல் பெட்டியைத் தொட்டுப் பிரம்படி வாங்கிய கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மேடையில் வைத்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் இடது கை துருத்தியை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாசிக்க மிஞ்சுவது வலது கை ஒன்றுதான். சினிமாவில் 30, 40 பேர் வாசித்த பாட்டை இங்கே ஒரு கையும் ஒரு தபேலாவும் கொண்டு நிறுத்தியாக வேண்டும்.

அப்படியானால் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? இடையிசையில் வரும் வயலின் கூட்டத்தை விட்டுவிடலாம். ஆனால் சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் வரும் அந்தச் சின்னப் புல்லாங்குழல் துணுக்கை விட்டால் கூட்டம் பாட்டை அடையாளம் காணாது. இரவுக்கு இரவு இந்தக் கணக்கைப் போட்டுப் பழகிய ஒருவருக்கு, ஒரு பாட்டின் எலும்பு எங்கே, சதை எங்கே என்பது கைக்கே தெரிந்துவிடும். இசைக் கல்லூரியில் இதைச் சொல்லித் தரும் பாடத்திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மேடைகள்தான் சொல்லித் தந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாடகமும் ஒரு பள்ளிக்கூடம். அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் நாடகங்களுக்கு இந்தச் சகோதரர்கள் வாசித்தார்கள். கட்சி மேடையில் பாட்டு முன்னால் நிற்கும். நாடகத்தில் அது பின்னால் போய், பாத்திரம் பேசாத இடத்தை நிரப்ப வேண்டும். பின்னணி இசை என்று நாம் சொல்வதன் அரிச்சுவடி அது.

1968இல் சகோதரர்கள் பாஸ்கர், ராசய்யா, அமர் (பின்னாளில் கங்கை அமரன்) மூவரும் சென்னை கிளம்பினார்கள். தாய் சின்னத்தாயி வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார். எந்தப் பெட்டி வழியாக மெட்டுகள் அந்த வீட்டுக்குள் வந்தனவோ, அதுவே வழிச்செலவானது. பாவலர் 1973இல் காலமானார். தம்பியின் பெயர் திரையில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

சென்னையில் மயிலாப்பூர் லஸ்ஸில் இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டர். பியானோ, கிடார், கூடவே இசையைத் தாளில் எழுதும் முறை. நம் கச்சேரிக் குழுவில் எல்லாமே காது வழி. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுப் பிடித்துக்கொள்வார். நாலு பேருக்கு அது போதும். நாற்பது பேர் ஆளுக்கொரு வரியைத் தனித்தனியாக வாசிக்க வேண்டுமென்றால், அதுவும் இதுவரை யாரும் கேட்காத ஒன்றை வாசிக்க வேண்டுமென்றால், எழுதித்தான் ஆக வேண்டும். ஐந்து கோடுகளில் புள்ளி வைத்து எழுதும் அந்த முறைக்கு நொட்டேஷன் என்று பெயர். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த வருடங்களில் அது இளையராஜாவுக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

தன்ராஜ் மாஸ்டரிடம் கிடைத்த இன்னொன்று கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கொத்து. சொல் பெரிதாகத் தெரிந்தாலும் செய்து பார்த்தால் எளிது. போனில் ஒரு கீபோர்டு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். 'ஸ' என்று எடுத்துக்கொள்ளும் வெள்ளைக் கட்டையிலிருந்து, அதாவது இரட்டைக் கருப்புக் கட்டைக்கு இடப்பக்கம் இருக்கும் கட்டையிலிருந்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் எண்ணுங்கள். 1, 3, 5 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெளிச்சமான ஒரு ஒலி. இப்போது 3, 5, 7. சற்றே மனம் கனக்கிறதல்லவா? இரண்டிலும் ஐந்தாவது கட்டை இருக்கிறது. பாடுகிறவர் அந்த ஐந்தாவது சுரத்தில், அதாவது 'ப'வில், அசையாமல் நின்றுகொண்டிருக்கட்டும். கீழே 1, 3, 5 வைத்தால் அவர் நிம்மதியாக இருப்பதாகத் தோன்றும். 3, 5, 7 வைத்தால் அதே குரல் எதையோ தேடுவதாகத் தோன்றும். பாடகர் எதையும் மாற்றவில்லை.

சின்னாளப்பட்டி சுங்குடியை நினைத்துப் பாருங்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். புள்ளி எல்லாச் சேலையிலும் வெள்ளைதான். சாயம் அரக்கென்றால் ஒரு சேலை, கரும்பச்சை என்றால் வேறு சேலை. மெட்டு அந்தப் புள்ளி. கார்டும், அதற்கும் அடியில் ஓடும் பேஸ் கிடாரும் சாயம்.

இனி 'அன்னக்கிளி'க்கு வரலாம். 1976, பஞ்சு அருணாசலம் எழுத்து, தேவராஜ்-மோகன் இயக்கம். அப்போதைய நிலவரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஆராதனா', 'பாபி' வந்த பிறகு நம்மூர்த் தேநீர்க் கடைகளில்கூட இந்திப் பாட்டு ஓடிய காலம். கிராமிய மெட்டு தமிழ் சினிமாவுக்குப் புதிதும் இல்லை. ஜி. ராமநாதன், கே.வி. மகாதேவன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி எல்லோரும் அதை அழகாகக் கையாண்டவர்கள். பின்னே ஏன் 'அன்னக்கிளி' புதிதாகக் கேட்டது? எஸ். ஜானகி பாடும் மெட்டு வயக்காட்டு மெட்டு. தலைப்புப் பாட்டைப் போட்டுவிட்டு, ஒரு தடவை மட்டும் ஜானகியை மறந்து அவருக்குக் கீழே காதை வையுங்கள். கிடார், பேஸ், வயலின்கள் எல்லாம் தங்கள் பாட்டுக்குத் தனி வழியில் நடப்பது கேட்கும். எதுவும் மெட்டோடு சண்டைக்குப் போகவில்லை, மெட்டை அப்படியே பின்தொடரவும் இல்லை. அதைக் கிராமத்துப் பாட்டு என்று நாம் சொல்வது பாதி உண்மை. தன்ராஜ் மாஸ்டரின் வகுப்பறையும் அதற்குள் இருக்கிறது.

இது பிடிபட்டுவிட்டால் பிற்பாடு வந்த மாற்றங்கள் எல்லாம் தாமாக விளங்கும். 'சிந்து பைரவி' (1985) படத்தில் சித்ரா பாடித் தேசிய விருது வாங்கிய பாட்டை எடுத்துக்கொள்வோம். படிக்காத ஜனங்களின் பாட்டாகத் தொடங்கி, தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. மரபில் அந்தக் கீர்த்தனை காம்போதி ராகம். இங்கே சாரமதி. நாட்டுப்புற மெட்டும் கீர்த்தனையும் ஒரே சாரமதியின் சுரங்களில் நடக்கின்றன. வித்தியாசம் சுரத்தைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒன்று சுரத்தை நேராக ஊன்றி நடக்கிறது. மற்றது அதை அசைத்து, வளைத்து, இழுத்துப் பிடிக்கிறது. கமகம் என்பது அந்த அசைவுக்குப் பெயர். இரண்டு உலகத்துக்கும் நடுவில் இருப்பதாக நாம் நினைக்கும் மதில் இவ்வளவுதானா என்று அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு வருகிறது.

அடுத்த வருடமே 'புன்னகை மன்னன்'. கணினியில் சுரங்களைப் பதித்து வைத்து, கருவியை அதுவாகவே வாசிக்கச் செய்யும் சீக்வென்சர் வந்துவிட்டது. மூன்றே வருடத்தில் 'கரகாட்டக்காரன்' (1989). இயக்கியவர் கங்கை அமரன், இசை அண்ணன் இளையராஜா. மதுரைப் பக்கத்தில் அந்தப் படம் ஓடிய ஓட்டத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ராஜா முன்னேறிப் போய்விட்டார் என்ற நேர்கோட்டுப் படத்தில் இது எங்கே பொருந்தும்? நையாண்டி மேளம் பின்னால் விட்டுவந்த ஊராக இருந்திருந்தால், கணினிக்குப் பிறகு அதற்கு வேலையே இருந்திருக்காது. பாஸ்கரும் தயாரிப்பாளராகிப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்ற பெயரில் 'அலைகள் ஓய்வதில்லை', 'ராஜாதி ராஜா' போன்ற படங்களை எடுத்தார். மேடைக் குழு கலைந்தாலும் மூத்த அண்ணன் பெயர் டைட்டில் கார்டில் தொடர்ந்தது.

உலகத்திலும் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. லிவர்பூலின் பீட்டில்ஸ் நால்வரும் பிறர் பாட்டைக் கிளப்புகளில் வாசித்து வளர்ந்தவர்கள். 1965இல் பால் மெக்கார்ட்னி கிடாரோடு பாடிய 'எஸ்டர்டே' பாட்டுக்கு நான்கு தந்தி வாத்தியங்களைச் சேர்க்கச் சொன்னவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், முறையாக இசை படித்தவர். அங்கேயும் மெட்டை யாரும் தொடவில்லை, அடியில் இருப்பதுதான் மாறியது. ஆனால் அவர்களுக்கு எழுதிக் கொடுக்க மார்ட்டின் வேண்டியிருந்தது. நம் பக்கமோ மெட்டுப் போட்டவரும் தாளில் எழுதியவரும் இளையராஜா ஒருவரே.

அந்தத் தாள் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதும் நமக்குத் தெரியும். 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு திருவாசகம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த 'வேலியன்ட்' சிம்பொனி. சிம்பொனியில் பாடகரும் தேவையில்லை, வார்த்தையும் தேவையில்லை. கட்சி மேடையில் மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றத் தொடங்கிய குழுவிலிருந்து வந்தவர், வார்த்தையே இல்லாமல் நாற்பது நிமிடத்துக்கு மேல் கேட்பவரை உட்கார வைக்கும் வடிவத்துக்கு 81 வயதில் வந்திருக்கிறார்.

இதைப் படித்ததோடு விட்டுவிடாமல் நாமே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாசித் திருவிழாவிலோ கல்யாண வரவேற்பிலோ இன்னிசைக் கச்சேரி நடந்தால், பாடகர் முன்னால் போய் நிற்காதீர்கள். மேடையின் ஓரத்தில், அநேகமாக டிரம்ஸுக்குப் பக்கத்தில், நாலு தந்தி கிடாரோடு ஒருவர் அமைதியாக நிற்பார். அவர்தான் பேஸ் கிடார்காரர். ஒரு ராஜா பாட்டு முழுக்க அவர் இடது கையை மட்டும் பாருங்கள். பாடகர் ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும்போது அந்தக் கை நகர்கிறதா, நகர்ந்ததும் பாட்டின் முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். பாட்டு முடிந்ததும் முடிந்தால் அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த இடத்தில் எதற்காக நகர்ந்தார் என்று நம்மை விட நன்றாக அவரே சொல்லித் தருவார்.