கடன் கணக்கில் பிறந்த பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், என்னுடன் பல காலம் வேலை பார்த்த ஒருவரின் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். நண்பர் என்று எழுதக் கை கொஞ்சம் கூசுகிறது. மலைப்பாதையில் ஒரு பாறைச் சரிவுக்கு எந்த வகைத் தடுப்புப் போடுவது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை. நேரில் உட்கார்ந்து பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். நாங்களோ ஃபைலில் எழுதிக்கொண்டோம். அவர் ஒரு நோட் போட, நான் ஒரு நோட் போட, இரண்டு வருடத்தில் ஃபைல் தலையணை கனத்துக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் பேச்சு வார்த்தை இல்லை.

அன்று கோவிலில் 'பிளவுண்ட மலையே' என்ற பாமாலைப் பாட்டைப் பாடினார்கள். நான் கிறிஸ்தவன் அல்லன். இருந்தாலும் பாறையைப் பற்றி என்னோடு சண்டை போட்ட மனிதருக்குப் பாறைப் பாட்டா என்று மனம் எங்கோ போயிற்று. வெளியே வந்ததும் போதகரிடம், "ஐயா, இந்தப் பாட்டை எழுதியவர் யார்?" என்று கேட்டேன். "டாப்லேடி என்ற ஆங்கிலேய குருவானவர். சாந்தமான பாட்டுத்தான், ஆனால் ஆள் பெரிய சண்டைக்காரர்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குத் தேடிப் படிக்க. படித்ததை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்த டாப்லேடி?

அகஸ்டஸ் மாண்டேகு டாப்லேடி 1740 நவம்பர் 4ஆம் தேதி இங்கிலாந்தில் ஃபார்ன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ராணுவத்தில் மேஜர். மறு வருடமே கார்த்தஹேனா முற்றுகையின்போது இறந்துபோனார். தாயார்தான் வளர்த்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, பிறகு அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரி. அயர்லாந்தில் ஒரு தானியக் களஞ்சியத்தில் நடந்த எளிய கூட்டத்தில் கேட்ட பிரசங்கம்தான் பதினைந்து வயதுப் பையனாக இருந்த அவரை ஆன்மிகத்தில் திருப்பியது. 1759இல், பத்தொன்பது வயது நிறைவதற்குள் என்று சொல்லலாம், ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டுவிட்டார். 1762இல் இங்கிலாந்துத் திருச்சபையில் ஊழியத்தில் சேர்ந்து, 1768 முதல் இறக்கும் வரை டெவன் மாவட்டத்தில் பிராட்ஹெம்பரி என்ற சிற்றூரின் குருவாக இருந்தார். நெஞ்சுப் பலவீனம் காரணமாகக் கடைசி மூன்று வருடங்கள் பெரும்பாலும் லண்டனில் வாசம்.

விதியா, மதியா?

அவர் போட்ட சண்டை என்ன? நம்மூர்ப் பட்டிமன்றத்தில் விதியா மதியா என்று பேசுகிறோமே, ஏறக்குறைய அதன் கிறிஸ்தவ வடிவம். யார் யாருக்கு இரட்சிப்பு என்பதைக் கடவுள் ஆதியிலேயே தீர்மானித்துவிட்டார், மனிதனின் தகுதிக்கு அதில் இடமே இல்லை என்பது ஜெனீவாவில் போதித்த கால்வினின் வழி வந்த கட்சி. கிருபை எல்லாருக்கும் உண்டு, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் என்பது ஹாலந்து நாட்டு ஆர்மீனியஸ் வழி வந்த கட்சி. டாப்லேடி முதல் கட்சியில் தீவிரம். இரண்டாவது கட்சியின் தலைவர், குதிரை மேலேறி நாடெல்லாம் சுற்றிப் பிரசங்கித்த ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர்.

வேடிக்கை என்னவென்றால், 1758இல் மாணவராக இருந்தபோது இதே டாப்லேடி வெஸ்லிக்கு மரியாதையுடன் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த வருடமே கட்சி மாறிவிட்டார்.

1769இல் டாப்லேடி இரண்டு நூல்களை வெளியிட்டார். ஒன்று, இங்கிலாந்துத் திருச்சபை ஆர்மீனியஸ் கட்சியைச் சேர்ந்ததல்ல என்று வாதிடுவது. மற்றொன்று, சான்கியஸ் என்ற 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் முன்குறிப்பைப் பற்றி எழுதியதன் மொழிபெயர்ப்பு. அடுத்த வருடம் வெஸ்லி ஒரு காரியம் செய்தார். அந்த மொழிபெயர்ப்பைச் சிறு பிரசுரமாகச் சுருக்கி, கடைசியில் தாமே ஒரு முடிவுரை சேர்த்தார். இருபது பேரில் ஒருவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன், மீதிப் பத்தொன்பது பேர் தள்ளப்பட்டவர்கள், யார் என்ன செய்தாலும் இது மாறாது என்ற பொருளில் கேலியாக எழுதி, அதன் கீழே டாப்லேடியின் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுவிட்டார்!

நம் பெயரில் நாம் எழுதாத நோட்டை ஒருவர் ஃபைலில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? டாப்லேடி பொங்கி எழுந்தார். அது மோசடிக் கையெழுத்துக்குச் சமம் என்று பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். அந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதோடு நிறுத்தினாரா? இல்லை. வெஸ்லிக்கு அப்போது அறுபத்தாறு வயதுக்கு மேல், இவருக்கு முப்பது கூட நிறையவில்லை. பெரியவர் நேரடியாக மல்லுக்கு நிற்காமல் தம் சீடர்களை எழுதவிட்டார். அவர்களில் தாமஸ் ஆலிவர்ஸ் முன்பு செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். அவருடைய வாதத்துக்குப் பதில் சொன்னதோடு நில்லாமல் அவருடைய தொழிலையும் டாப்லேடி ஏளனம் செய்தார். படிக்கும்போது முகம் சுளிக்கத்தான் வேண்டியிருக்கிறது. 1775இல் அமெரிக்கக் குடியேற்ற மக்களுக்கு வெஸ்லி ஓர் அறிவுரைப் பிரசுரம் எழுதியபோது, அது டாக்டர் ஜான்சனின் நூலிலிருந்து எடுத்தது என்று காட்டி, "தாரும் இறகும் பூசப்பட்ட கிழட்டு நரி" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பிரசுரம் போட்டார். நரி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வசைகளுக்கு நடுவே உழைப்பும் உண்டு. 1774இல் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய வரலாற்று நூல், திருச்சபையின் பழைய ஆவணங்களையும் தலைவர்களின் எழுத்துகளையும் வரிசையாக எடுத்து வைத்து வாதிடுகிறது. ஆதாரமில்லாமல் பேசாத மனிதர்.

பாவக் கணக்கு

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. 1775 டிசம்பரிலிருந்து 1776 ஜூன் வரை டாப்லேடி லண்டனில் 'காஸ்பல் மேகஸின்' என்ற மாதப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1776 மார்ச் இதழில் பிரிட்டனின் தேசியக் கடனைப் பற்றி ஒரு கணக்கு வருகிறது. கடன் 13 கோடி பவுன் என்று வைத்துக்கொள்வோம். அதை ஷில்லிங்காக மாற்றி, நிமிடத்துக்கு 100 வீதம், தினம் 12 மணி நேரம் ஒருவன் எண்ணினால் எத்தனை காலம் பிடிக்கும்? விடை: 98 வருடம், 316 நாள், 14 மணி, 40 நிமிடம்.

பழைய தொழில் புத்தி விடுமா? கால்குலேட்டரை எடுத்தேன். பவுனுக்கு 20 ஷில்லிங் வீதம் 260 கோடி ஷில்லிங். வருடத்துக்கு 365¼ நாள் வைத்தால் விடை அச்சுப் பிசகாமல் வருகிறது.

இதைத் தொடர்ந்து டாப்லேடி ஆன்மிகக் கணக்குக்குப் போகிறார். மனிதன் ஒவ்வொரு விநாடியும் கடவுள் எதிர்பார்க்கும் நிலையிலிருந்து தவறுகிறான். விநாடிக்கு ஒரு பாவம் என்று வைத்தால், இருபது வயதில் 63 கோடியே 7 லட்சத்து 20 ஆயிரம், எண்பது வயதில் 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம். இதையும் போட்டுப் பார்த்தேன். இங்கே வருடத்துக்கு 365 நாள்தான்! கடன் கணக்கில் சேர்த்த லீப் நாட்களைப் பாவக் கணக்கில் விட்டுவிட்டார்கள். எண்பது வருடத்தில் 20 நாள், அதாவது 17 லட்சத்து 28 ஆயிரம் பாவங்கள் தள்ளுபடி. கிருபை என்பது இதுதானோ என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அவர் சிரிப்புக்காக எழுதவில்லை. இவ்வளவு கடனை யாரால் அடைக்க முடியும்? நற்செயல் எத்தனை செய்தாலும் ஒரு விநாடிக் கடனுக்குக் கூடக் காணாது. வேறொருவர் அடைத்தால்தான் உண்டு என்று முடிக்கிறார். அந்தக் கட்டுரையின் அடியில்தான் 'பிளவுண்ட மலையே' பாட்டின் ஆங்கில மூலம் முதன்முறையாக நான்கு பத்திகளும் முழுமையாக அச்சாகியது. கணக்கின் விடையாக வந்தது பாட்டு!

அதற்கு அவர் கொடுத்த தலைப்பையும் கவனிக்க வேண்டும்: உலகிலேயே மிகப் பரிசுத்தமான விசுவாசிக்கு வாழ்விலும் சாவிலும் உரிய ஜெபம் என்று பொருள். மனிதன் இந்த வாழ்விலேயே பூரண பரிசுத்தத்தை எட்டலாம் என்று வெஸ்லி போதித்து வந்தார். 'எவ்வளவு பரிசுத்தனானாலும் வெறுங்கையோடுதான் வர வேண்டும்' என்று அவருக்கு இடித்துக் காட்டும் தலைப்பு அது. ஆக இன்று உலகமெங்கும் கண்ணீரோடு பாடப்படும் இந்தப் பாட்டு, ஒரு வாதத்தின் கடைசி நோட்டாகவே வெளிவந்திருக்கிறது.

பாறை இடுக்குக் கதை

டாப்லேடி புயல் மழையில் அகப்பட்டு, சாமர்செட் பகுதியில் பரிங்டன் கூம் என்ற பள்ளத்தாக்கின் பாறைப் பிளவில் ஒதுங்கியபோது இந்தப் பாட்டை எழுதினார் என்று ஒரு கதை உண்டு. அருகிலுள்ள பிளாக்டனில் அவர் உதவிக் குருவாக இருந்தது உண்மை. ஆனால் அது 1762 முதல் 1764 வரை. பாட்டு அச்சானதோ பன்னிரண்டு வருடம் கழித்து. கதையும் அவர் காலமாகி நெடுங்காலம் சென்ற பிறகே பரவியது. எங்கள் தொழிலில் வேறொரு பாடம் உண்டு: கன மழையில் பாறைக்கடியில் நிற்காதே! எனவே எனக்குக் கடன் கணக்குத்தான் நம்பும்படியாக இருக்கிறது.

கடைசி வார்த்தை

1778இல் டாப்லேடி காசநோயால் படுத்த படுக்கையானார். தம் கொள்கையைக் கைவிட்டுவிட்டார், வெஸ்லியைப் பார்த்துச் சொல்ல விரும்புகிறார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஜூன் 14ஆம் தேதி, மருத்துவர் தடுத்தும் கேட்காமல், லண்டன் ஆரஞ்சு தெரு சிற்றாலயத்துக்கு வந்து பிரசங்க மேடை ஏறி, தாம் எழுதியதில் ஒரு வரியையும் மாற்றுவதற்கில்லை என்று அறிவித்தார். ஆகஸ்ட் 11ஆம் தேதி காலமானார். வயது முப்பத்தேழு. வெஸ்லி மேலும் பதின்மூன்று வருடம் வாழ்ந்தார். இருவரும் சமாதானம் ஆகவில்லை.

ஆனால் பாட்டுகள் சமாதானமாகிவிட்டன. மெதடிஸ்ட் பாடல் புத்தகங்களே பிற்காலத்தில் டாப்லேடியின் பாட்டைச் சேர்த்துக்கொண்டன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெஸ்லி சகோதரர்கள் 1745இல் வெளியிட்ட நற்கருணைப் பாடல் தொகுதியின் முன்னுரையில் இதே பாறை உருவகம் வருவதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். எதிரியின் புத்தகத்திலிருந்தே இவர் பாட்டுக்கு விதை கிடைத்திருக்கலாம். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் இதை லத்தீனில் மொழிபெயர்த்தார். 1898இல் அவருடைய இறுதிச் சடங்கிலும் பாடினார்கள். வாய்பேசாப் பிராணிகளை வதைப்பது குற்றம், அவற்றுக்கும் மறுவாழ்வு உண்டு என்று டாப்லேடி பேசியிருக்கிறார். வெஸ்லியும் ஒரு பிரசங்கத்தில் அதையே சொல்லியிருக்கிறார். ஒரு வேளை உட்கார்ந்து பேசியிருந்தால் இப்படி இன்னும் நாலு விஷயம் அகப்பட்டிருக்கும்.

அவர்களுடைய பிரசுரங்களை இன்று நூலகங்களில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஃபைலைத் தேடவும் ஆளில்லை. அந்தச் சரிவில் கடைசியில் போட்டது அவர் சொன்ன தடுப்புத்தான். பல மழைக்காலம் கண்டும் அசையாமல் நிற்கிறது. அதை அவரிடம் ஒரு போனில் சொல்லியிருக்கலாம்.