மண்ணுக்குள் ஒரு குழாய்

சாலையோரப் பெருங்குழாயில் வரும் நீர், மானியைக் கடந்து, மண்ணுக்கடியில் பதிக்கப்பட்ட சிறு குழாய் வழியாக நம் வீட்டை அடைகிறது. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களுக்கு ஆயர் சிலாங்கூர் நிறுவனம் நீர் வழங்குகிறது. ஆனால், மானிக்குப் பின்னுள்ள குழாயைப் பராமரிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகும். அதில் கசியும் நீருக்கும் அவரே கட்டணம் செலுத்த வேண்டும்.

நிமிடத்திற்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஒரு நாளில் 1,440 லிட்டர் வீணாகும். முப்பது நாளில் அது 43,200 லிட்டர், அதாவது 43.2 கன மீட்டர் ஆகிவிடும். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இழப்புக்கும் பொருந்தும். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மானியின் முள் சுற்றினால், எங்கோ கசிவு உள்ளது என்று அறியலாம். கசிவினால் உடல்நலத்திற்கும் கேடு நேரலாம். நீர்த்தடையின்போது குழாயில் அழுத்தம் குறையும். அப்போது வெளியிலுள்ள அழுக்கு நீர் விரிசல் வழியே உள்ளே புகக்கூடும்.

பழைய வீடுகள் பலவற்றில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களே பதிக்கப்பட்டன. காலப்போக்கில் பூச்சு தேய்ந்து இரும்பு துருப்பிடிக்கிறது. துரு உட்புறத்தில் படிந்து பாதையைக் குறுக்குவதால் நீரின் வேகம் குறைகிறது. காலையில் வரும் முதல் நீர் பழுப்பு நிறமாகத் தோன்றுகிறது. இந்நிலையில் ஓட்டையை மட்டும் அடைப்பதைவிடக் குழாய் முழுவதையும் மாற்றுவதே சிறந்தது.

மாற்றுக் குழாய்கள் பல உள்ளன. பி.வி.சி. குழாய் மலிவானது, துருப்பிடிக்காது. எனினும், அது விறைப்பானது. மண் இறங்கினாலோ மரவேர் அழுத்தினாலோ அது விரிசல் காணலாம். செம்புக் குழாய் நெடுநாள் உழைக்கும். ஆனால், விலை அதிகம். பாலிஎத்திலீன் குழாயும் துருப்பிடிக்காது. மண்ணின் அசைவுக்கேற்ப வளைந்து கொடுக்கும். அது சுருளாகக் கிடைப்பதால், மானியிலிருந்து வீடு வரை இணைப்பே இல்லாமல் பதிக்க முடியும். கசிவு பெரும்பாலும் இணைப்புகளில் ஏற்படுவதால் இது பெரிய நன்மையாகும்.

குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணையும் கருத்தில் கொள்ள வேண்டும். கடற்கரையை ஒட்டிய கிள்ளானின் தாழ்நிலங்களில் மென்மையான களிமண் உள்ளது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பகுதியும் களிமண்ணுக்குப் பெயர் போனது. நிலம் மெல்ல இறங்கும் இடங்களில் வளையும் குழாயே பாதுகாப்பானது.

அடுத்து, அளவையும் அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். பாலிஎத்திலீன் குழாயின் அளவு அதன் வெளிவிட்டத்தைக் குறிக்கிறது. 25 மில்லிமீட்டர் குழாயின் சுவர் 2.3 மில்லிமீட்டர் தடிப்புடையதாயின், உள்விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டரே இருக்கும். குழாயின் மேல் 'பி.என். 10' என்று அச்சிடப்பட்டிருந்தால் அது 10 பார் அழுத்தத்தைத் தாங்கும் என்பது பொருள். இது ஏறக்குறைய 100 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம்.

குழாய் நல்லதாக இருந்தாலும் பதிக்கும் முறை தவறினால் பயனில்லை. கூரிய கற்களை அகற்றி, மணல் பரப்பி அதன்மேல் குழாயை வைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயிலிருந்து போதிய இடைவெளி விட வேண்டும். மண்ணை மூடுவதற்கு முன்பே நீரைச் செலுத்திக் கசிவு உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தில் பதிவு பெற்ற குழாயையே வாங்க வேண்டும். உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும்.

குழாயின் விலை ஒருமுறை செலவாகும். மலிவை நாடித் தவறாகத் தேர்ந்தெடுத்தால், சிமெண்டுத் தரையை மீண்டும் உடைத்து, மண்ணை மீண்டும் தோண்டி, கூலியையும் இரண்டாம் முறை கொடுக்க வேண்டியிருக்கும். மண்ணுக்குள் மறைந்துவிடும் பொருளைக் கண்ணுக்குத் தெரியும்போதே ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது அறிவுடைமையாகும்.