மாஞ்சோலை யார் சொத்து? பழைய காகிதங்களை வாசிக்கும் வரிசை

மாஞ்சோலை யார் சொத்து என்று மணிமுத்தாறு பக்கம் கேட்டுப் பாருங்க, மூணு பதில் வரும். சிங்கம்பட்டி ராஜாவுடையது, கம்பெனி எஸ்டேட், ஃபாரஸ்ட் இடம். மூணுக்குமே ஏதோ ஒரு காலத்துக் காகிதம் ஆதாரமா இருக்கு. எந்தக் காகிதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் விஷயம். நான் வாசிக்கும் வரிசை இது.

செய்தித்தாள்: 1919-ல் சென்னை நியூயிங்டன் மாளிகையில், மைனர் ஜமீன்தார்கள் படித்த பள்ளியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே படித்த சிங்கம்பட்டி வாரிசின் பெயரும் அந்த வழக்கில் அடிபட்டது. விசாரணை பம்பாய்க்கு மாறியது. வழக்குச் செலவுக் கடனை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டாங்க என்பது எங்க பக்கத்துக் கதை. ஆனால் குத்தகை நடந்தது 1929-ல். கடன் பத்து வருஷம் இழுத்திருக்கலாம். ஆனாலும் வழக்குச் செய்தியை மட்டும் வைத்து குத்தகைக்குக் காரணம் சொல்ல முடியாது.

பத்திரம்: 1908 பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகணும். இங்கே குத்தகைதாரர் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். அளவு 8,373.57 ஏக்கர், காலம் 99 வருஷம். இதைப் பார்த்துக் கம்பெனியை உரிமையாளர் என்று எழுதிவிடக் கூடாது. அதற்கு இருந்தது அனுபவ உரிமை மட்டும்தான்.

கெஜட்: 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், அறிவிப்பில் குறித்த தேதியிலிருந்து ஜமீன் நிலம் அரசைச் சேரும். சிங்கம்பட்டிக்கு அது 1952. அதன்பின் கம்பெனி அரசின் குத்தகைதாரர். கெடு 2028 பிப்ரவரி.

'அ' பதிவேடு: சர்வே எண், பரப்பு, வகைப்பாடு, பட்டாதாரர் பெயர் எல்லாம் இதில் இருக்கும். ஆனால் இது கடைசியாக உள்ள நிலையை மட்டும்தான் காட்டும். எங்க மென்பொருள் வேலையில், யார் எப்போ என்ன மாத்தினாங்க என்ற பதிவு தனியா இருக்கும். நிலத்துக்கு அந்த வேலையைச் செய்வது பத்திரமும் கெஜட்டும்தான். அதனால் உங்க ஊரைத் தேடும்போதும், அது முன்பு ஜமீனா, இனாமா, ரயத்துவாரியா என்று முதலில் கேளுங்க. இனாம் என்றால் 1963 இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வரைக்கும் போகணும்.

இத்தனை காகிதத்திலும் வராத பெயர்கள் உண்டு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டியில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள். 2024-ல் கம்பெனி வேலையை நிறுத்தி, லயன் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, காட்டுவதற்கு அவர்களிடம் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. கூலிப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், இவற்றில்தான் அவர்கள் இருக்காங்க. மாஞ்சோலையின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துத் தேடணும்.