1939-இல் வந்த மூன்று சட்டங்களும் நம் கடைத்தெருவும்

வணிகப் பெருமக்களுக்கு 1939 என்றால் விற்பனை வரிதான் முதலில் நினைவுக்கு வரும். 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த வரி அது. அதே ஆண்டில் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஒன்று சென்னைக் கேளிக்கை வரிச் சட்டம். மற்றது இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம். நாம் விற்கும் சரக்கு, அதை ஏற்றி வரும் லாரி, விற்ற காசில் மக்கள் பார்க்கும் ஆட்டபாட்டம் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆண்டில் சட்டம் பிறந்தது.

விழுப்புரம் ரயிலை நம்பிய ஊர். சென்னை, திருச்சி, புதுவை, காட்பாடி என்று நாலா பக்கமும் தண்டவாளம். மூட்டைகள் கூட்ஸ் ஷெட்டில் இறங்கி, மாட்டு வண்டியில் கடைக்கு வரும். திண்டிவனத்துக்கும் ரயில் நிலையம் உண்டு என்றாலும் அது சாலையை நம்பிய ஊர். சென்னை-திருச்சி பெருஞ்சாலையோடு புதுவைச் சாலையும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையும் அங்கே சேருகின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கொத்தவால் சாவடியில் லோடு ஏற்றி இரவில் கிளம்பிய லாரிக்காரர் இறங்கி டீ குடிப்பதற்குச் சரியான தூரம். அவர் இறங்கினால் பீடி, வாழைப்பழம், சோப்பு, வீட்டுக்கு அரைக்கிலோ வெல்லம் என்று ஏதாவது வாங்காமல் ஏறமாட்டார்.

லாரி வாங்குவது அன்று எளிதாக இல்லை. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கிய பிறகு செவர்லே நம் பக்கம் அறிமுகமானது, ஃபோர்டும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, கரியை எரித்து அதன் வாயுவில் பஸ்ஸும் லாரியும் ஓடின. அந்தக் கருவியை மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தாரும் செய்து கொடுத்தார்கள். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வர, "டிஸ்போசல் லாரி" எடுத்துத் தொழில் தொடங்கியவர்கள் பலர்.

திருப்பம் 1954-இல் வந்தது. அந்த ஆண்டு டாடா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. இதைவிட முக்கியமாக நாம் கருதுவது, அதே 1954-இல் சென்னையில் டி.எஸ். சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கியதை. தவணையில் வண்டி எடுக்கலாம் என்ற நிலை பரவிய பிறகுதான், நிலபுலன் இல்லாதவரும் லாரி முதலாளி ஆக முடிந்தது. கம்பெனி கொடுப்பது சேசிஸ் மட்டும். மரம் வாங்கி, பட்டறையில் பாடி கட்டி, பெயிண்டர் கையால் பெயர் எழுதி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிய பிறகே முதல் லோடு.

வண்டியின் நெற்றியில் "பப்ளிக் கேரியர்" என்ற பலகை இருக்குமே, அது 1939-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. வாடகைக்கு லோடு ஏற்றுகிறவர் அந்த பெர்மிட் வாங்க வேண்டும். சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுகிற வணிகருக்கு "பிரைவேட் கேரியர்" பெர்மிட். இதில்தான் நம் ஆட்களுக்குச் சங்கடம். சொந்த லாரியில் மல்லாட்டை ஏற்றிச் சென்னைக்குப் போன மண்டிக்காரர், திரும்பும்போது வண்டி காலியாக இருந்தாலும் பக்கத்துக் கடைக்காரரின் பருப்பு மூட்டையைக் கூலிக்கு ஏற்றக்கூடாது. சட்டம் போட்டவர்கள் கடை நடத்திப் பார்த்தவர்கள் அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது.

கேளிக்கை விஷயத்துக்கு வருவோம். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1928-இல் பிறந்தது விழுப்புரத்தில் என்ற பெருமை நமக்கு உண்டு. அவர் சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்த காலத்தில் நம் ஊர்ப்பக்கம் தெருக்கூத்தும் கம்பெனி நாடகமும்தான் பெரிய பொழுதுபோக்கு. அப்புறம் டெண்டுக் கொட்டகை வந்தது. மணல் தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ரசிகர்கள் சலித்துக்கொள்வார்கள், முறுக்கு, சோடா, வறுத்த மல்லாட்டை விற்றவர்கள் சலித்துக்கொண்டதில்லை! அவர்களுக்குச் சரக்குப் போட்டது நம் கடைகள். டூரிங் டாக்கீஸ் லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போன வாரம், கல்லாவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அறுவடை முடிந்தால் சடுகுடு. களத்துமேட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும். பரிசாகப் பித்தளைக் குடமோ அரிசி மூட்டையோ கடைத்தெருவிலிருந்து போகும். நன்கொடை நோட்டில் யார் பெயர் மேலே இருப்பது என்பதில் நடக்கும் போட்டி, களத்தில் நடப்பதைவிடக் கடுமையாக இருக்கும். அதே ஆட்டம் கபடியாக 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்று, இந்தியா தங்கம் வென்றது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் சுற்றுகிறவர், கடைசி நாளில் நெஞ்சின் மேல் பலகை போட்டு லாரியை ஏற்றச் சொல்வார். அதற்கு வண்டி கொடுப்பதும் உள்ளூர் முதலாளிதான். ஓசி விளம்பரம் அல்லவா!

இன்று இரண்டு ஊரையும் சுற்றிப் புறவழிச்சாலை போய்விட்டது. 2000-க்குப் பிறகு நான்கு வழிச்சாலை வந்ததும், லாரி ஊருக்குள் வரக் காரணமில்லை. பழைய பெருஞ்சாலைக் கடைகள் இரவு வியாபாரத்தை இழந்தன. சடுகுடு டிவிக்குப் போனது. 1939-இன் மோட்டார் சட்டம் 1989 ஜூலை 1-ஆம் தேதி போனது. அதோடு பப்ளிக், பிரைவேட் என்ற பிரிவும் போனது. விற்பனை வரி வாட் ஆகி, 2017-இல் அதே ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி.யில் கரைந்தது.

இழந்த இரவு வியாபாரத்துக்கு ஈடாகச் சிலர் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2005-இல் டாடா ஏஸ் வந்தது, நாம் குட்டி யானை என்கிறோமே, அதுதான். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு இப்போதைய சட்டத்தில் பெர்மிட் தேவையில்லை. ஊருக்குள் லாரி வராவிட்டால் என்ன என்று, அதில் மளிகை ஏற்றி மயிலம், செஞ்சிப் பக்கத்துக் கிராமக் கடைகளுக்கு இவர்களே கொண்டுபோய்ப் போடுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரரின் பருப்பு மூட்டையும் அதே வண்டியில் போகிறது.