வட்டைக்குப் போகும் பை

குடும்பம் எழுவான்கரையில், வயல் படுவான்கரையில் என்ற நிலை நம்மவர் பலருக்கு ஒரு தலைமுறைக் காலமாகவே நீடித்து வருகின்றது. 1990 இலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் ஊரை விட்டு வந்தவர்களுள் பெரும்பாலானோர் திரும்பிச் சென்றுவிட்டனர். எனினும் பிள்ளைகளின் படிப்பு, யானைத் தொல்லை, வீடின்மை போன்ற காரணங்களால் வாவியின் இக்கரையிலேயே இருந்துகொண்டு, விதைப்புக்கும் காவலுக்கும் அறுவடைக்கும் மட்டும் அக்கரை சென்று மூன்று நான்கு நாட்கள் வாடியில் தங்கி வருவோர் உள்ளனர். பெரும்போக காலத்தில் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மாதவணை, மயிலத்தமடுப் பக்கம் செல்லும் பட்டிக்காரரோ வாரக்கணக்கில் காட்டோரத்திலேயே தங்குகின்றனர். இவர்கள் கொண்டு செல்லும் பையைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

பையைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கக்கூடும். வட்டைக்குச் செல்பவர் ஒருவரைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு கையில் உரப்பை, மறு கையில் தண்ணீர்க் கான், தோளில் மண்வெட்டி. வரம்பில் கால் சறுக்கினால் ஊன்றுவதற்குக் கை இல்லை. அந்திப் பொழுதில் யானை குறுக்கே நின்றால் ரோச் லைட் அடிப்பதற்கும் கை இல்லை. பன்றிக்காகக் கட்டிய கட்டுத்துவக்கின் கம்பி புல்லுக்குள் கிடந்தால், சுமையோடு மல்லுக்கட்டி நடப்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே இரு கைகளும் சும்மா இருக்குமாறு, சுமை முழுவதும் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும் என்பதே முதல் விதி. பெண்கள் தலையில் சுமப்பது நல்ல பாதைக்குப் பொருந்தும். சேற்று வரம்பிலே கழுத்துக்கும் இடுப்புக்கும் கேடு.

இதற்கென்று புதிதாகப் பணம் செலவிட வேண்டியதில்லை. பிள்ளை பாவித்து முடித்த பாடசாலைப் பை ஒருநாள் பயணத்துக்குப் போதும். தோள்வார் தைத்த இடம் இற்றுப்போயிருந்தால் மீன்வலை தைக்கும் நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு மேல் என்றால் 50 கிலோ உரப்பையே நல்லது. அதைச் சவர்க்காரம் இட்டு இரண்டு முறை கழுவி, வெயிலில் காய வைக்க வேண்டும். கிருமிநாசினி இருந்த பையை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உரப்பையை முதுகுப்பையாக்கும் முறை எளியது. அடியிலுள்ள இரண்டு மூலைகளிலும் உள்ளே கொட்டைப்பாக்களவு கல் ஒன்றையோ, நாலைந்து புளியங்கொட்டையையோ தள்ளிவிடுங்கள். வெளிப்புறத்திலிருந்து அதன் கழுத்தைக் கயிற்றால் இறுக்கினால் கட்டு வழுவாது. பழைய சேலையை நாலு விரல் அகலத்துக்கு மடித்து நீளமான ஒரு பட்டி செய்து, அதன் நடுப்பகுதியால் பையின் வாயைக் கட்டி, இரு நுனிகளையும் இரு மூலைகளுக்குக் கொண்டுவந்து முடியுங்கள். இரண்டு தோள்வார் கிடைத்துவிடும். வெறும் கயிற்றைத் தோள்வாராகப் போடுவது தவறு. ஒரு கட்டை தூரம் போவதற்குள் அது தோளை அறுத்து, கையை மரக்கச் செய்துவிடும். பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்காதபடி பட்டியின் நீளத்தை அமைத்துக்கொள்க. தொங்கும் பை நடக்கும் ஒவ்வோர் அடியிலும் ஆளைப் பின்னுக்கு இழுக்கும்.

நிறை எவ்வளவு? உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 50 கிலோ உள்ள தாய்க்கு 10 கிலோ, 60 கிலோ உள்ளவருக்கு 12 கிலோ. ஒருவருக்கு மூன்று நாளுக்கு வேண்டியதைக் கூட்டிப் பார்ப்போம். அரிசி ஒன்றேகால் கிலோ, பருப்பு கால், கருவாடும் உப்பும் தூளும் தேயிலையும் சீனியுமாக அரை, தேங்காய் அரை. இது இரண்டரைக் கிலோ. தண்ணீர் மூன்று லீற்றர் என்றால் மூன்று கிலோ. நுளம்பு வலை, படுக்கை விரிப்பு, சட்டி, கோப்பை, மாற்றுடுப்பு, மழைக்குப் பொலித்தீன் விரிப்பு, கத்தி எல்லாம் சேர்ந்து மூன்றரை. ரோச் லைட்டும் மருந்தும் அரை. மொத்தம் ஒன்பதரைக் கிலோ. மண்வெட்டிக்கு இதில் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். அயல் வயற்காரர் நாலு பேர் சேர்ந்து ஆயுதங்களை வாடியிலேயே பூட்டி வைப்பது புத்தி. சட்டியையும் அவ்வாறே ஒன்றாக்கலாம். நாலு பேர் நாலு சட்டி சுமந்து செல்வதைக் கண்டிருக்கின்றோம்.

வெயிலில் வேலை செய்பவருக்கு மூன்று லீற்றர் ஒரு நாளுக்கே காணாது. மிகுதி நாட்களுக்கு அங்குள்ள கிணற்று நீரைக் கொதி வந்த பின்னும் ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டுக் குடிக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணறு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம்.

இனி அடுக்கும் ஒழுங்கு. பாரமானது முதுகோடு ஒட்டி, நடுவுயரத்தில் இருக்க வேண்டும். அரிசியும் தண்ணீரும் வெளிப்புறத்தில் இருந்தால் அவற்றை ஈடுசெய்ய நாம் முன்னுக்கு வளைந்து நடக்கின்றோம்; மாலையில் இடுப்பு நோவதற்குக் காரணம் இதுவே. படுக்கை விரிப்பு, வலை, உடுப்பு ஆகியவை அடியில். அவை இரவில்தான் வேண்டும், மெத்தை போலவும் இருக்கும். சட்டிக்குள் கோப்பையும் சிறுசாமான்களும். எல்லாவற்றுக்கும் மேலே ரோச் லைட், மழை விரிப்பு, மருந்துப்பொதி, கட்டுச்சோறு. இருட்டில் கை விட்டவுடன் ரோச் லைட் அகப்பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். யானை வெடி கொண்டு செல்வோர் அதைத் தீப்பெட்டியோடு ஒரே பையில் வைக்கக் கூடாது.

பைக்குள் பெரிய பொலித்தீன் பை ஒன்றை இட்டு, சாமான்களை அதற்குள் அடுக்கி, சற்றுக் காற்றோடு வாயை முறுக்கிக் கட்டினால் மாரி மழைக்கும் நனையாது, வாவியில் விழுந்தாலும் மிதக்கும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அவ்வழியே செல்வோருக்குப் பாதைக்குக் காத்திருக்கும் தேவை நீங்கியது. ஆனால் தோணியிலோ, இடுப்பளவு வெள்ளத்திலோ கடக்க வேண்டிய இடங்கள் மாரியில் எத்தனையோ. அவ்விடங்களில் பையை ஒரு தோளில் மட்டும் போடுங்கள். இரு தோளிலும் மாட்டிய பை, விழுந்தவரை எழும்ப விடாது.

இரவு விடயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நுளம்பு வலை. எண்ணெய் விரியன் நிலத்தில் படுத்துறங்குவோரையே பெரும்பாலும் கடிக்கின்றது. கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் அதிகம் இராததால் விடியும்போது நிலைமை முற்றிவிடுகின்றது. வலையின் ஓரத்தைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட்டால் நுளம்பையும் பாம்பையும் ஒன்றாகத் தடுக்கலாம். ஆகவே நிறையைக் குறைக்க எதை எடுத்துப் போட்டாலும் வலையை எடுத்துப் போடாதீர்கள். இரண்டாவது, அரிசியையும் உப்பையும் தலைமாட்டில் வைத்துப் படுக்காதிருத்தல். யானை சுவரை உடைப்பது பெரும்பாலும் இவற்றின் மணத்துக்கே. இறுக்கமான மூடியுள்ள வாளியில் இட்டு, படுக்கும் இடத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

மருந்துப்பொதியில் சுத்தமான துணிப்பட்டி, பரசிற்றமோல், ஜீவனி, வழக்கமாக எடுக்கும் குளிசைகள் ஆகியன போதும். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக வாரமொரு முறை எடுக்கும் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெறலாம். கர்ப்பிணிகள் கேளாமல் எடுக்கக் கூடாது. பாம்பு கடித்தால் வெட்டுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட காலை அல்லது கையைத் தடி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இலவச அம்புலன்சுக்குரிய இலக்கம் 1990. நம் மக்களுக்கு வேறு நினைவுகளைத் தரும் எண்தான் அது. ஆனாலும் மனதில் இருக்கட்டும். தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டை அல்லது குளக்கட்டைப் போன முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி உடம்போடு வைத்திருங்கள், பைக்குள் வேண்டாம். பையைப் போட்டுவிட்டு ஓட நேரிடலாம். காணி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியை வட்டைக்குக் கொண்டு செல்லவே கூடாது. எல்லைப் பிரச்சினைக்குக் காட்டப் பிரதி போதும். 2004 சுனாமியிலும் 2011 வெள்ளத்திலும் பத்திரங்களை இழந்தவர்கள் அவற்றைத் திரும்பப் பெற எத்தனை கந்தோர்ப் படி ஏறினார்கள் என்பது ஊரறிந்த விடயம்.

புறப்படுமுன் எந்த வட்டை, எந்த வாடி, எந்த நாள் திரும்புவது என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் பையை முழுவதும் கொட்டி, உட்புறத்தைப் புரட்டி வெயிலில் காய விடுங்கள். தேளும் பூரானும் ஈரப் பைக்குள் ஒளிப்பதுண்டு. ரோச் லைட்டின் பற்றரியைக் கழற்றி வைத்து, பையை வாய் கட்டியபடி ஆணியில் தொங்கவிடுங்கள்.